வாசகர் கேள்வி – பதில்: ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த அளவு ரிம், எந்த அளவு டயர்?

இம்மாதம் வந்த கடிதங்களுள் பல, ஸ்போர்ட்ஸ் கார்களின் ரிம், டயர் அளவுகளைப் பற்றியவை. அவற்றில் மற்ற வாசகர்களுக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே விடையளித்திருக்கிறேன். எழுதிய எல்லோருக்கும் பொதுவாக நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதலில் டயரை முடிவு செய்யுங்கள்; அந்த டயருக்கு ஏற்ற ரிம்மைப் பிறகு தேடுங்கள். நம் சிங்கப்பூரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைச்சுவரில் தொங்கும் ரிம்மைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, கையில் மிஞ்சிய பணத்துக்குக் கிடைக்கும் டயரை அதில் மாட்டுகிறார்கள்.

கேள்வி: ஐயா, வாகன உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86 ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதில் இப்போது 215/45ஆர்17 டயர்கள் உள்ளன. காக்கி புக்கிட்டில் ஒரு கடையில், 18 அங்குல விட்டமும் 8.5 அங்குல அகலமும் +40 ஆஃப்செட்டும் கொண்ட ரிம்மில் 225/40ஆர்18 டயரைப் போடச் சொல்கிறார்கள். என் நண்பரோ 19 அங்குலம்தான் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்கிறார். வார நாள்களில் வேலைக்கும், எப்போதாவது செப்பாங் பந்தயத் தடத்துக்கும் ஓட்டிச் செல்வேன். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஈசூன் வாசகர்

பதில்: உங்கள் டயரில் எழுதியுள்ள எண்களிலிருந்தே தொடங்குவோம். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரமாக இருக்கிறது என்பது. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஆக, பக்கச்சுவர் ஏறத்தாழ 97 மி.மீ. உயரம். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களையும் ரிம்மின் 431.8 மி.மீட்டரையும் கூட்டினால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 625 மி.மீ. வருகிறது. புதிய அளவு எதுவானாலும் இந்த 625ஐ ஒட்டியே இருக்க வேண்டும். 3 விழுக்காடு வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது தொழிலில் உள்ளவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் எல்லை; ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நான் 2 விழுக்காட்டைத் தாண்ட விரும்புவதில்லை. கடையில் சொன்ன 225/40ஆர்18 டயரின் விட்டம் 637 மி.மீ.; அதாவது 1.9 விழுக்காடு கூடுதல். 19 அங்குலத்தில் வழக்கமாகப் போடும் 225/35ஆர்19 என்றால் 640 மி.மீ.; 2.4 விழுக்காடு கூடுதல்.

விட்டம் கூடினால் வேகமானி காட்டுவதைவிடக் கார் சற்று வேகமாகவே போய்க்கொண்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் வேகமானிகள் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டிவிடாதபடி சற்றுக் கூட்டியே காட்டுமாறு அமைக்கப்படுவதால், இந்த வித்தியாசம் ஓரளவு அதில் அடங்கிவிடும். ஆனால் கியருக்கு அப்படி எந்த ஈடும் இல்லை. டயர் பெரிதானால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும்; அதாவது சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போவதால் இழுவை குறையும். உங்கள் காரின் எஞ்சின் 200 குதிரைத்திறனும் 205 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையும் மட்டுமே தருவது. அதுவும் எஞ்சின் சுழற்சி மேலே ஏறிய பிறகுதான் முழுமையாகக் கிடைப்பது. 2.4 விழுக்காடு நீண்ட கியரோடு, ரிம்மின் விளிம்பில் கூடுதல் எடையையும் சேர்த்துச் சுழற்றச் சொன்னால், சிக்னலிலிருந்து கிளம்பும்போதே மந்தம் தெரியும். அதனால் 19 அங்குலத்தை நான் பரிந்துரைக்கவில்லை. மேலும் அந்த டயரின் பக்கச்சுவர் 79 மி.மீ. மட்டுமே, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் குறுகிய வளைவில் ஒருமுறை விளிம்புக்கல்லை உரசினால், அடி நேராக ரிம்மில்தான் விழும்.

இனி 18 அங்குல யோசனையைப் பார்ப்போம். இதில் விட்டத்தைவிட அகலமும் ஆஃப்செட்டும்தான் கவனிக்க வேண்டியவை. ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், சக்கரத்தைத் தாங்கும் அச்சுமுனையான ஹப்பில் ரிம் போய் உட்காரும் பரப்புக்கும் இடையே உள்ள தூரமே ஆஃப்செட். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் காருக்கு வெளியே தள்ளி நிற்கும். உங்கள் காரோடு வந்த ரிம் 7 அங்குல அகலம், +48 ஆஃப்செட். புதிய ரிம் 1.5 அங்குலம், அதாவது 38 மி.மீ. அகலம் கூடியது, அதில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் போகும். ஆஃப்செட் 8 மி.மீ. குறைவதால் அந்த 8 மில்லிமீட்டரும் வெளிப்பக்கத்தில் சேரும். கூட்டிப் பார்த்தால் ரிம்மின் வெளி விளிம்பு இப்போது இருப்பதைவிட 27 மி.மீ. வெளியே வரும்; உள் விளிம்பு 11 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கும். உயரம் குறைக்கப்படாத காரில் இது இடமில்லாமல் போகாது என்றாலும் நெருக்கமான அமைப்பு. முந்தைய உரிமையாளர் தாழ்வான ஸ்பிரிங் போட்டிருந்தால், சாலை மேட்டில் ஏறி இறங்கும்போது டயர் மட்கார்டில் உரசக்கூடும். சக்கரமும் டயரும் காரின் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கார் 10 ஆண்டுகளைத் தாண்டியது என்பதால், ஆண்டுதோறும் விக்கோம் போன்ற நிலையங்களில் சோதனைக்குப் போயாக வேண்டும். அங்கே இது முதல் பார்வையிலேயே கண்ணில் படும்.

என் பரிந்துரை வேறு. 17 அங்குலத்திலேயே இருங்கள். அகலத்தை மட்டும் 8 அங்குலமாக்கி, +45 ஆஃப்செட் உள்ள ரிம்மில் 225/45ஆர்17 டயரைப் போடுங்கள். விட்டம் 634 மி.மீ., 1.4 விழுக்காடு மட்டுமே கூடுதல். வெளி விளிம்பு 16 மி.மீ. வெளியேயும் உள் விளிம்பு 10 மி.மீ. உள்ளேயும் போகும், இரண்டுக்கும் இடமுண்டு. 225/45 டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 7 முதல் 8.5 அங்குலம் என்று டயர் நிறுவனங்களின் அட்டவணைகள் சொல்கின்றன. 8 அங்குல ரிம்மில் டயரின் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் காரின் மூக்கு தயங்காமல் திரும்பும். பக்கச்சுவர் 101 மி.மீ. இருப்பதால் சாலையின் அதிர்வையும் டயரே வாங்கிக்கொள்ளும். 17 அங்குல டயர்கள் 18, 19 அங்குல டயர்களைவிட விலையும் குறைவு. அந்த மிச்சத்தில் இன்னும் நல்ல டயரை வாங்கலாம்.

18 அங்குலம்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் அதற்கும் நல்ல வழி இருக்கிறது. அடுத்த தலைமுறை ஜிஆர்86 காருக்கு டொயோட்டாவே 7.5 அங்குல அகலமும் +48 ஆஃப்செட்டும் உள்ள 18 அங்குல ரிம்மில் 215/40ஆர்18 டயரைத்தான் கொடுத்தது. அதன் விட்டம் 629 மி.மீ.; உங்கள் பழைய அளவிலிருந்து 0.6 விழுக்காடே மாற்றம். எஞ்சின் திறனைக் கூட்டிய புதிய காரிலும் டயரின் அகலத்தை அவர்கள் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அளவு அதே 215. மாறியது டயரின் தரம். உங்கள் கார் புதிதாக வந்தபோது அதில் இருந்தது மிஷலின் பிரைமசி எச்பி என்னும், சாதாரணக் குடும்பக் கார்களுக்குப் பொருந்தும் டயர். ஜிஆர்86 காரின் 18 அங்குல ரிம்மோடு வந்ததோ மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4. அளவு மாறாமல் டயரின் வகை மட்டும் மாறினாலே பிடிப்பில் எவ்வளவு வேறுபாடு கிடைக்கும் என்பதை இந்த இரண்டு கார்களையும் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

அளவை முடிவு செய்தபின் அதன் பக்கத்தில் இருக்கும் சுமைக் குறியீட்டையும் பாருங்கள். உங்கள் பழைய டயரில் 87டபிள்யூ என்றிருக்கும். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை தாங்கும். புதியது இவற்றுக்குக் குறையக் கூடாது. எக்ஸ்எல் என்று குறிக்கப்பட்ட டயர் கூடுதல் சுமை தாங்கும் என்றாலும், அந்தச் சுமையைத் தாங்க அதற்குக் காற்றழுத்தமும் கூடுதலாக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் சிறு உருண்டைகளைப் பிடித்து, மட்கார்டின் உள்விளிம்பிலும், சஸ்பென்ஷன் தூணில் டயருக்கு நேர் எதிரே உள்ள இடத்திலும் ஒட்டிவிடுங்கள். ஸ்டீயரிங்கை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பி, பின்னால் இருவரை உட்கார வைத்து, சாலை மேடு உள்ள தெருவில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நசுங்கிய களிமண்ணின் தடிமனே அந்த இடத்தில் எஞ்சியிருக்கும் இடைவெளி. எங்கேனும் அது 4, 5 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் அந்த ரிம் உங்கள் காருக்கு வேண்டாம்.

செப்பாங் போவதைப் பற்றி: அதற்கென்றே ட்ரெட்வேர் (டயர் எவ்வளவு காலம் தேயாமல் உழைக்கும் என்பதைக் காட்டும் எண்) 200க்கும் குறைந்த, பாதி பந்தய டயர் போன்றவற்றை அன்றாடம் மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம். அவற்றின் பள்ளங்கள் குறைவு. நம் மழைக்கு ஆகாது. நல்ல சாலை டயரே எப்போதாவது போகும் ஒரு நாளைத் தாங்கும். தடத்தில் ஓடி டயர் சூடானதும் காற்றழுத்தம் ஏறும்; அங்கே காற்றைக் குறைத்திருந்தால், வீடு திரும்ப நெடுஞ்சாலையில் ஏறுமுன் ஓட்டுநர் கதவுத்தூணில் எழுதியுள்ள 240 கிலோபாஸ்கலுக்கு, அதாவது 35 பிஎஸ்ஐக்கு, மீண்டும் நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் 2 லிட்டர் எஞ்சின் கொண்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது, டயர் 205/45ஆர்17. சென்ற மாதம் பெருமழையில் தீவு விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஸ்டீயரிங் திடீரென்று கனமற்றுப் போனது. கார் தண்ணீரின்மேல் மிதப்பது போலிருந்தது. இன்னும் அகலமான டயர் போட்டால் பிடிப்புக் கூடும் என்று என் கணவர் 225/45ஆர்17 வாங்கச் சொல்கிறார். அது சரியா?
— தெம்பனிஸ் வாசகி

பதில்: அம்மா, நீங்கள் உணர்ந்தது உண்மையாகவே மிதத்தல்தான். உங்கள் கணவரின் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் மாற்றம், நீங்கள் பயந்த அதே நிலையை இன்னும் குறைந்த வேகத்திலேயே கொண்டுவரும்.

டயர் அகலமானால் சாலையைத் தொடும் பரப்பும் பெரிதாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்தப் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை காரின் எடையும் டயரின் காற்றழுத்தமும்தான். உங்கள் காரில் நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சக்கரத்தின்மீது ஏறத்தாழ 280 கிலோ எடை விழுகிறது. காற்றழுத்தம் 200 கிலோபாஸ்கல் என்றால், தொடும் பரப்பு ஏறத்தாழ 137 சதுர செ.மீ. அகலமான டயரைப் போட்டாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. நீண்டு ஒடுங்கியிருந்தது, அகன்று குட்டையாகிறது. காய்ந்த சாலையில் வளைவில் திரும்பும்போது அந்த வடிவத்தால் நன்மை உண்டு. மழையில் அதே வடிவம் தீமை. அகன்ற பரப்பு தன்முன் கூடுதல் தண்ணீரை எதிர்கொள்கிறது; அந்தத் தண்ணீரைப் பள்ளங்கள் வழியே வெளியேற்றக் கிடைக்கும் நேரமோ குறைகிறது. உங்கள் கார் எடை குறைந்த கார் என்பதால், தண்ணீரை அழுத்தித் தள்ளவும் அதனிடம் பளு இல்லை.

1963இல் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள், தண்ணீர் தேங்கிய ஓடுதளத்தில் விமானச் சக்கரங்கள் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்குகின்றன என்பதற்கு ஒரு கணக்கைத் தந்தார்கள். பிஎஸ்ஐயில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் வரும் (1 நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.). உங்கள் காரின் 29 பிஎஸ்ஐக்கு இதைப் போட்டுப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 90 கி.மீ. வருகிறது. இது நம் விரைவுச்சாலைகளின் உச்ச வேக வரம்பு. காற்று 24 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தால் 82 கி.மீட்டரிலேயே மிதக்கத் தொடங்கும். பள்ளங்கள் ஆழமாக உள்ள கார் டயர் தண்ணீரை வெளியேற்றுவதால் இந்த வேகத்தைத் தாண்டியும் பிடித்து நிற்கும்; தேய்ந்த டயரோ இந்தக் கணக்கை நெருங்கிவிடும். ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை காற்றழுத்தமும் பள்ளத்தின் ஆழமும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இந்தத் தீவில் நான் 3 மி.மீட்டரிலேயே டயரை மாற்றச் சொல்வேன்.

225/45ஆர்17 அளவுக்கு இன்னொரு குறையும் உண்டு. உங்கள் டயரின் விட்டம் 616 மி.மீ.; அதன் விட்டம் 634 மி.மீ. வித்தியாசம் 2.9 விழுக்காடு. கணவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: அளவு 205/45ஆர்17 ஆகவே இருக்கட்டும், ஈரச்சாலைப் பிடிப்பில் ஐரோப்பிய முத்திரையின் ஏ தரம் பெற்ற டயரை வாங்கித் தாருங்கள். புதிய ரிம் வாங்கும் எண்ணமும் இருந்தால், 16 அங்குலத்துக்கு இறங்குவதைத் தயங்காமல் யோசியுங்கள். 1.5 லிட்டர் எம்எக்ஸ்-5க்கு மாஸ்டாவே 195/50ஆர்16 டயரைத்தான் கொடுக்கிறது. உங்கள் காருக்கு 205/50ஆர்16 இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். விட்டம் 611 மி.மீ., 0.8 விழுக்காடே குறைவு. உங்கள் காரின் பிரேக்குக்கு அந்த ரிம்மில் இடமிருக்கிறதா என்பதை மட்டும் மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: போர்ஷே 911இல் பின்சக்கர டயர்கள் முன்சக்கர டயர்களைவிட அகலமாக இருக்கின்றன. என் ஜிஆர்86 காரும் பின்சக்கரத்தால் இயங்குவதுதான். பின்னால் மட்டும் 255 போட்டால் நல்லதா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: வேண்டாம். 911 காரின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. எடையின் பெரும்பகுதியும் பின்னால்தான். அதனால்தான் 911இன் 992 தலைமுறைக் கரேரா காருக்கு முன்னால் 235/40ஆர்19, பின்னால் 295/35ஆர்20 என்று கொடுத்திருக்கிறார்கள். உங்கள் காரின் எஞ்சின் முன்னால் இருக்கிறது. நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவு டயர் என்ற கணக்கில்தான் அதன் சஸ்பென்ஷனை அமைத்தார்கள். பின்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டினால், வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் வெளியே வழுக்கிச் செல்லும். இந்தக் காரை விரும்பி வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்களோ அந்தக் குணமே போய்விடும். முன்பின் சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டு டயரைச் சமமாகத் தேய வைக்கவும் முடியாது. அகலம் வேண்டுமென்றால் நான்கிலும் ஒரே அளவாகக் கூட்டுங்கள்.

கேள்வி: ஐயா, என் எஃப்கே8 ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரில் 245/30ஆர்20 டயர்கள். ஜோகூரில் ஒரு கிளைச்சாலைக் குழியில் இறங்கியதில் இரண்டாவது முறையாக ரிம் வளைந்துவிட்டது, டயரும் கிழிந்தது. 18 அங்குலத்துக்கு மாறினால் காரின் ஓட்டம் கெட்டுவிடுமா? பிரெம்போ பிரேக்கின் மேல் 18 அங்குல ரிம் ஏறுமா?
— பொங்கோல் வாசகர்

பதில்: ஓட்டம் கெடாது, இன்னும் நன்றாகவே ஆகும் என்பது என் கருத்து. உங்கள் டயரின் பக்கச்சுவர் வெறும் 73.5 மி.மீ. 245/40ஆர்18 டயரில் அது 98 மி.மீ. ஆகிவிடும், குழியில் இறங்கும்போது அந்தக் கூடுதல் 24.5 மி.மீ. காற்றுதான் ரிம்மைக் காக்கும். முழு விட்டம் 655 மி.மீட்டரிலிருந்து 653க்கு மட்டுமே இறங்கும் என்பதால் வேகமானி, கியர், ஏபிஎஸ் எதற்கும் தொந்தரவில்லை. அதோடு இது பல வகைக் கார்களுக்குப் பொதுவான அளவு என்பதால், எல்லா நிறுவனங்களின் நல்ல டயர்களும் இதில் கிடைக்கும். ஹோண்டாவே 2022இல் வந்த அடுத்த தலைமுறை டைப் ஆரான எஃப்எல்5 காரில் ரிம்மை 20 அங்குலத்திலிருந்து 19 அங்குலத்துக்குக் குறைத்து, டயரின் அகலத்தை 245இலிருந்து 265க்குக் கூட்டியது. முன்சக்கர இயக்கத்தில் இவ்வளவு திறனைச் சாலையில் இறக்க வேண்டிய காரை வடிவமைத்தவர்களே இந்தத் திசையில் போயிருக்கும்போது, நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

முன்பிரேக் தட்டின் விட்டம் 350 மி.மீ.; 18 அங்குல ரிம்மின் பெயரளவு விட்டம் 457 மி.மீ. என்பதால் தட்டுக்கு இடமிருக்கிறது. இடிக்கக்கூடியது, தட்டைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர்தான். அது இரண்டு இடங்களில் இடிக்கும்: ஒன்று, ரிம்மின் உள் உருளையில், மற்றொன்று, ரிம்மின் ஆரங்களின் (ஸ்போக்குகளின்) பின்புறத்தில். ஒரே அகலமும் ஆஃப்செட்டும் கொண்ட இரண்டு ரிம்களில் ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாமல் போவதற்கு, ஆரங்கள் உட்புறமாக வளைந்திருக்கின்றனவா வெளிப்புறமாக வளைந்திருக்கின்றனவா என்பதே காரணம். எனவே எண்களை மட்டும் நம்பாமல், டயர் மாட்டாத ரிம்மைக் காரில் வைத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் காரில் ஆஃப்செட் +60. இது வழக்கத்தைவிட அதிகம். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு சாலையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைத்து, முடுக்கும்போது ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுப்பதைத் தடுப்பதற்கென்றே ஹோண்டா இந்தக் காருக்குத் தனியான முன் சஸ்பென்ஷனை வடிவமைத்தது. சக்கரம் மட்கார்டோடு சமமாக நிற்க வேண்டும் என்று +45 ரிம்மை வாங்கினால், அந்தத் தூரம் 15 மி.மீ. கூடிவிடும், ஈரச்சாலையில் முடுக்கும்போது ஸ்டீயரிங் கையில் இழுபடத் தொடங்கும். +60ஐ ஒட்டியே வாங்குங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஹோண்டாவின் நட்டுகள் ரிம்மில் பதியும் இடம் உருண்டை வடிவம். வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவ நட்டு வேண்டும். பழைய நட்டையே புதிய ரிம்மில் போட்டு இறுக்கினால் இறுகியது போலத் தெரியும். ஆனால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே பதிந்திருக்கும். ஓட ஓடத் தளரும். ரிம்மோடு அதற்குரிய நட்டுகளையும் சேர்த்தே வாங்குங்கள். கிழிந்த டயருக்குப் பக்கத்தில் அதே குழியில் இறங்கிய மற்ற டயரையும் பாருங்கள். பக்கச்சுவரில் விரலை அழுத்தி ஓட்டிக்கொண்டே வரும்போது எங்கேனும் கொப்புளம் போலப் புடைத்திருந்தால் உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த டயரை ஒட்டுப் போட முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் கொண்ட சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ ஓட்டுகிறேன். ஒரு டயரில் ஆணி ஏறிப் பக்கச்சுவர் கெட்டுவிட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. அதே அளவில் ஒன்றை மட்டும் வாங்கலாமா?
— செங்காங் வாசகர்

பதில்: எழுதியுள்ள அளவு ஒன்றாக இருந்தாலும், புதிய டயரும் பாதி தேய்ந்த டயரும் உங்கள் காருக்கு இரண்டு வெவ்வேறு அளவுகள்தான். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 6.4 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் அறிவுரை. கணக்கிட்டால், பள்ளத்தின் ஆழத்தில் 1 மி.மீ. வித்தியாசமே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் போனால், முன்பின் சக்கரங்களுக்கு எஞ்சினின் விசையைப் பகிர்ந்தளிக்கும் நடு டிஃபரென்ஷியல் நேர்சாலையில்கூட ஓயாமல் உழைத்துச் சூடேறும். நான்கையும் மாற்றுங்கள், செலவு கடிக்கும் என்பதை அறிவேன், ஆனால் டிஃபரென்ஷியலை மாற்றும் செலவு அதைவிடப் பல மடங்கு.

கேள்வி: பயன்படுத்திய ரிம்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. அசலா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துளைகள் பொருந்தினால் போதுமா? ஸ்பேசர் போடலாமா?
— சுவா சூ காங் வாசகர்

பதில்: ஜப்பானிய ரிம் என்றால் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற இரு தர, சோதனை முத்திரைகளும் வார்ப்பிலேயே இருக்கும். ஆனால் முத்திரையையும் நகலெடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடையை நகலெடுப்பது கடினம். ரேஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட டிஇ37 ரிம்முக்கு அந்த 37 என்ற எண் வந்ததே, 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உள்ள அதன் ரிம் 3.7 கிலோ எடை கொண்டிருந்ததால்தான். நிறுவனம் சொல்லும் எடைக்கும், கடையில் தராசில் வைத்துப் பார்க்கும் எடைக்கும் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் வந்தால் வாங்காதீர்கள். அசலாக இருந்தாலும், டயரைக் கழற்றி உள் உருளையைப் பாருங்கள். புதிதாக வண்ணம் பூசிய உட்புறம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வெடிப்பைப் பற்றவைத்து மேலே பூசியிருக்கலாம். பற்றவைத்த ரிம்மை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். பேலன்சிங் எந்திரத்தில் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

துளைகள் பொருந்துவது மட்டும் போதாது. முதல் தலைமுறை டொயோட்டா 86இல் ஐந்து துளைகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. ஹப்பின் நடுமுனை 56.1 மி.மீ. கடைகளில் கிடைக்கும் பல ரிம்களின் நடுத்துளை 73.1 மி.மீ. இருக்கும். இந்த இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் விரைவுச்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். சக்கரத்தைக் கழற்றித்தானே மாட்டுகிறார்கள், இந்த வளையத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டயரோடு சேர்த்து விற்றால், அதன் பக்கச்சுவரில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், வெயிலில் நின்றே பல ஆண்டுகள் கழித்த டயரின் ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தட்டான ஸ்பேசரை நான் விரும்புவதில்லை. சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மைத் தேடுவதே முறை. தவிர்க்க முடியாதென்றால், ஹப்பின் நடுமுனையில் கச்சிதமாக உட்காரும் ஸ்பேசராக இருக்க வேண்டும். போல்ட்டின் தடிமன் 12 மி.மீ. என்றால் நட்டு குறைந்தது 12 மி.மீ. ஆழத்துக்காவது திருகில் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் நீளமான போல்ட் போட்டாக வேண்டும். எந்த மாற்றத்தைச் செய்தாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்தில் விதிகளைப் பார்த்துவிட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

புதிய சக்கரங்களைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அனுப்பினால் ஏற்க வேண்டாம். கடைசிச் சுற்றை அளவு காட்டும் ஸ்பேனரால் கையால் இறுக்கச் சொல்லுங்கள். டொயோட்டா 86க்கு அது 120 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கி.மீ. ஓட்டியபின், டயர் ஆறியிருக்கும்போது, அதே ஸ்பேனரை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.